தலைப்பாகைக்குக் கீழே ஒரு முகம் வேண்டும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். எழுதுவது ஒரு கைதான். ஆனால் இதில் உள்ளது காத்தான்குடியிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி தேற்றாத்தீவுப் பக்கம் படிப்பிக்கப் போகிற மூன்று முஸ்லிம் ஆசிரியர்களின் பேச்சு. அதனால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

அந்த வீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் எல்லாம் தாண்டி இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் வெற்றிலைத் தோட்டங்கள். பிள்ளைகள் எங்களை ‘சேர்’ என்று கூப்பிடுவார்கள். சில நாட்களில் வீட்டிலிருந்து கொய்யாப்பழம் கொண்டு வந்து தருவார்கள். நோன்பு காலத்தில் எங்களுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக் கூச்சப்பட்டு வகுப்புக்கு வெளியே போய்க் குடிப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள்.

எங்களில் ஒருவர் சித்திரம் படிப்பிப்பவர். தரம் எட்டில் அவர் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார். “பக்கத்து ஊர் ஆள் ஒருவரைக் கீறுங்கள்” என்றார், அவ்வளவுதான். பிள்ளைகளில் பாதிப் பேர் முஸ்லிம் ஆளைத்தான் கீறியிருந்தார்கள். தொப்பி இருந்தது. தாடி இருந்தது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளச் சட்டை இருந்தது. மூன்று நான்கு படங்களில் முகமே இல்லை. தொப்பிக்கும் தாடிக்கும் இடையில் வெறும் வெள்ளைக் கடதாசி.

“ஏன் மகன், கண் மூக்கு ஒண்டும் கீறல்ல?”

“எப்பிடிக் கீறுறெண்டு தெரியா சேர்.”

“என்னைப் பாத்துக் கீறியிருக்கலாமே?”

பிள்ளை சிரித்துவிட்டான். “நீங்க முஸ்லிம் ஆளா சேர்? நீங்க எங்கட சேர்.”

அந்தப் பதில் எங்களுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றில் எதுவோ பிசைவது போலவும் இருந்தது. பிள்ளை எங்களை நேசிக்கிறான். ஆனால் எங்களை நேசிப்பதற்காக எங்களை அந்தப் படத்திலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டான். படம் அப்படியே இருக்கிறது, முகமில்லாமல்.

இதை வாசித்துவிட்டு “பார்த்தீர்களா, அவர்கள் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள்” என்று எங்கள் ஊரில் யாரும் தொடங்க வேண்டாம். அடுத்த பந்தியையும் வாசியுங்கள்.

அதே பயிற்சியை எங்கள் ஊரில் பின்னேர வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். வேட்டி, நெற்றியில் மூன்று கோடு, சிலதில் கையில் கள்ளுமுட்டி. ஒரு படத்தில் தோளில் துவக்கு. துவக்குக் கீறிய பிள்ளை யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவள். அவள் துவக்கை எங்கே கண்டாள்? எங்கள் வாயில் கண்டாள். நாங்கள் வீட்டில் பேசிய பேச்சில் கண்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். அந்தக் கிழமை, காவியங்களும் அவற்றுக்கு வரையப்பட்ட சித்திரங்களும் என்று ஒரு பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். பிரான்ஸ் தேசிய நூலகம் தன்னிடமுள்ள பழைய புத்தகங்களைப் படம்பிடித்து இணையத்தில் எல்லோரும் பார்க்க விட்டிருக்கிறது. அதில் பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் அச்சான காவியப் புத்தகங்களைப் பார்க்கப் போனோம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஒரு குதிரையின் பிடரி மயிரை ஒவ்வொரு கோடாக எண்ணலாம் போல இருக்கும்.

அந்தப் படங்கள் எப்படி உண்டானவை என்பதைச் சொன்னால்தான் பிறகு சொல்லப் போவது விளங்கும். சித்திரக்காரர் முதலில் கடதாசியில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செப்புத் தகட்டுக்கு மாற்றுவார். சில கோடுகளை அமிலம் அரிக்கும், சில கோடுகளைக் கூரான உளியால் கையாலேயே கீறுவார். அந்தக் குழிகளுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் கடதாசியை வைத்து உருளைக்குள் கொடுத்து அழுத்தினால் படம் வரும். பாட்டு அச்சாவது வேறு இயந்திரத்தில். கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். படத்தின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். இடப்பக்கம் வரைந்தவர், வலப்பக்கம் செதுக்கியவர். இந்த இரண்டு பெயர்களை ஞாபகத்தில் வைத்திருங்கள். கடைசியில் தேவைப்படும்.

நாங்கள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது தாசோ என்ற இத்தாலியக் கவிஞரின் காவியத்துக்கு வரையப்பட்ட படங்களை. 1581 இல் வெளிவந்த காவியம் அது. 1099 இல் சிலுவைப் போர்க்காரர்கள் எருசலேமை, எங்கள் பைத்துல் முகத்தஸை, பிடித்த கதை. 1771 இல் பாரிஸில் வந்த பதிப்புக்குப் படம் வரைந்தவர் கிரவலோ. அந்தக் காலத்தில் புத்தகப் படத்துக்குப் பெயர் போனவர். அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி பாரிஸிலும் லண்டனிலும் கழிந்தது.

போர்க்கதைக்குப் படம் வரைகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. எது எந்தத் தரப்பு என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். அந்தக் கால ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் இதற்கு ஓர் இலகுவான வழி வைத்திருந்தார்கள். தலைப்பாகை, பிறை, வளைந்த வாள். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அவன் முஸ்லிம். துருக்கியனா, அரபியா, எகிப்தியனா என்று யாரும் கேட்கப் போவதில்லை. நூறு வருடங்களுக்கு மேல் பல சித்திரக்காரர்களின் கை இந்த வழியிலேயே போனது. பாரிஸில் அந்தப் புத்தகத்தை வாங்கி வாசித்த பணக்கார வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு முஸ்லிமையும் நேரில் கண்டிராவிட்டாலும், முஸ்லிம் எப்படி இருப்பான் என்று அவருக்குத் ‘தெரியும்’.

தரம் எட்டின் படங்களை மேசையில் பரப்பிவிட்டு, பக்கத்தில் இதையும் வைத்துப் பார்த்தோம். தொழில் திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வேலை ஒன்றுதான். தொப்பி இருந்தால் போதும், முகம் தேவையில்லை.

இதில் எங்களை நித்திரை கொள்ளவிடாத விஷயம் என்னவென்றால், அந்தக் காவியத்தை எழுதிய கவிஞருக்கே இந்த நோய் தெரிந்திருக்கிறது. அதன் மிகப் புகழ்பெற்ற கட்டமே முகத்தைப் பற்றியதுதான்.

முஸ்லிம் தரப்பில் நின்று போரிடும் குளோரிந்தா என்று ஒரு வீரப்பெண். சிலுவைப் போர் வீரன் தன்கிரெட், ஒருமுறை தற்செயலாக அவளுடைய முகத்தைக் கண்டு மனதைப் பறிகொடுத்தவன். ஓர் இரவு அவள் தன் வழமையான கவசத்தை விட்டு வேறு கவசம் அணிந்து வெளியே வந்து, எதிரியின் முற்றுகைக் கோபுரத்துக்குத் தீ வைக்கிறாள். திரும்பி ஓடும்போது நகர வாசல் மூடிவிடுகிறது. இருட்டில் தன்கிரெட் அவளை யாரோ ஓர் எதிரி என்று நினைத்துத் துரத்துகிறான். நீண்ட நேரம் சண்டை. அவள் விழுகிறாள். சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் கேட்கிறாள். அவன் ஓடையில் தன் தலைக்கவசத்தில் தண்ணீர் மொண்டு வந்து, அவளுடைய கவசத்தை நீக்குகிறான். அப்போதுதான் முகம் தெரிகிறது. தான் நேசித்தவளைத் தானே வெட்டியிருக்கிறான் என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

அவளை மதம் மாற்றிவிட்டுத்தான் கவிஞர் அவளுக்காக அழுகிறார். அது அந்தக் காலத்து ஐரோப்பிய மனம். அதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் முகம் தெரிவதற்கு முன் வெட்டிவிடுவது என்ற துயரத்தை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

நாங்கள் தினமும் போய் வருகிற வீதியில் இது வெறும் கதை அல்ல. 1990 இல் இதே வீதியில் வாகனங்களிலிருந்து இறக்கப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. குருக்கள்மடத்தைத் தாண்டும்போது எங்கள் பஸ்ஸில் வயதானவர்களின் உதடு அசையும். துஆ கேட்கிறார்கள். அதே காலத்தில் காணாமல் போனவர்களின் படங்கள் தமிழ் வீடுகளின் சுவர்களிலும் தொங்குகின்றன. எங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது அந்தப் படங்களுக்குக் கீழேதான் எங்களுக்குக் கதிரை போடுவார்கள். யார் கூட இழந்தார்கள் என்று கணக்குப் பார்க்க இந்தப் பதிவை எழுதவில்லை. அந்த நாட்களில் ஆளை நிறுத்தியவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் கேட்டார்கள். அதைச் சொல்லவே எழுதுகிறோம்.

பிரான்சின் இன்னொரு காவியம் இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தருகிறது. வோல்டேர் எழுதிய ‘ஹென்றியாட்’. தங்கள் நாட்டிலேயே கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்தாந்தருக்கும் நடந்த மதச் சண்டையையும், நான்காம் ஹென்றி என்ற அரசர் அதற்குள்ளால் வந்த கதையையும் பாடுவது. 1572 ஆகஸ்ட் 24 இல் பாரிஸில் தொடங்கிய புனித பர்த்தலோமேயு படுகொலை அதன் இரண்டாம் பாடலில் வருகிறது. 1770 அளவில் வந்த ஒரு பதிப்புக்கு ஐசன் என்ற சித்திரக்காரர் ஒவ்வொரு பாடலுக்கும் படம் வரைந்தார்.

இங்கே சித்திரக்காரருக்குத் தலைப்பாகை கிடையாது! கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே தெருக்காரர். ஒரே மொழி, ஒரே உடுப்பு. உண்மையில் அந்த இரவு கொலை செய்யப் போனவர்கள் தங்களுக்குள் அடையாளம் தெரிவதற்காகக் கையில் வெள்ளைத் துணியும் தொப்பியில் வெள்ளைச் சிலுவையும் அணிந்திருந்ததாக வரலாறு சொல்கிறது. பார்த்து வேறுபாடு தெரியாத அளவுக்கு ஒத்த மனிதர்கள். துணி கட்டித்தான் எதிரியை உண்டாக்க வேண்டியிருந்தது.

எங்களைப் பாருங்கள். பேசுவது ஒரே தமிழ். மழைக்கு ஒரே வானத்தைப் பார்க்கிறோம். மீனுக்கு ஒரே வாவி. சோற்றுக்கு ஒரே மாங்காய்ச் சொதி. எங்கள் இரு சமூகங்களிலும் குடி என்று தாய்வழியில் எண்ணுகிற வழக்கம் ஒன்றேதான். எங்களுக்கு உரியது தாசோவின் படங்கள் அல்ல, ஹென்றியாட்டின் படங்கள்.

“பிரான்சுக்காரனுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்” என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் சரித்திரம். 1782 ஏப்ரலில் கிழக்குக் கடலில் ஆங்கிலேயரோடு மோதிய பிறகு, சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி தன் கப்பல்களைப் பழுதுபார்க்கவும் நோயாளிகளைக் கரையிறக்கவும் வந்து நின்ற இடம் அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்த எங்கள் மட்டக்களப்புத்தான். அதே 1782 இல் பாரிஸில் ஒரு புத்தகம் வெளிவந்தது. சொன்னெரா என்ற பயணி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய் வந்து எழுதிய இரண்டு பாகங்கள். புதுச்சேரியில் தங்கியிருந்தவர். தமிழ்க் கரையோர மக்களின் தொழில்களையும் கோயில்களையும் தெய்வங்களையும் தானே வரைந்து எடுத்துப் போனார். திருமாலின் அவதாரங்களும் அதில் உண்டு, இராமர் உட்பட. பாரிஸில் அவை செப்புத் தகட்டில் ஏறின.

அந்தப் புத்தகத்திலும் பிழைகள் உண்டு. அவரும் ஐரோப்பியக் கண்ணாலேதான் பார்த்தார். இருந்தாலும் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் வந்து, இருந்து, பார்த்து வரைந்தார். வேலை செய்கிறவன் கையில் என்ன கருவி, துணியை எப்படிக் கட்டியிருக்கிறான் என்று அறிய இன்றைக்கும் அந்தப் படங்களைப் புரட்டலாம். எருசலேமின் தலைப்பாகைகளில் அப்படி அறிய ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே நாட்டு, ஒரே காலத்துக் கைவேலை. ஒருவர் பக்கத்தில் வந்து பார்த்தார் என்பதுதான் வேறுபாடு.

இனி தேற்றாத்தீவுக்கே வருவோம். இந்தப் பாடத்தை எங்களுக்குச் செப்புத் தகட்டை விடத் தெளிவாகப் படிப்பித்தது கூத்துக் களரி.

படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் ஆடுகிற வடமோடிக் கூத்துக்களில் பெரும்பாலானவை பாரதமும் இராமாயணமும். அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குவார். அரங்கேற்றத்தன்று விடிய விடிய ஆட்டம். எங்களை அழைத்திருந்தார்கள், போனோம். துரியோதனன் வேடம் கட்டி ஆடியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அன்று பின்னேரம் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த மனிதர். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன். அவர் களரிக்கு வந்து நின்றதும் பிள்ளைகள் “அப்பாடா!” என்று கத்துகிறார்கள். பாஞ்சாலியை அவமானப்படுத்தும்போது அவரைத் திட்டுகிறார்கள். விடிந்ததும் அவருடைய சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள்.

அந்தக் களரியில் வில்லனுக்கு முகம் இருக்கிறது. தெரிந்த முகம். கெட்டவன் என்பது வேற்று ஊரில் பிறந்த வேறொரு சாதி மனிதன் இல்லை, நம்மில் ஒருவன் தவறினால் ஆகிற நிலை என்று அந்தப் பிள்ளைகள் எந்தப் புத்தகமும் இல்லாமல் படிக்கிறார்கள். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வடமோடி மரபில் ‘இராவணேசன்’ நாடகத்தை மேடையேற்றினார். இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பின் சி. மௌனகுரு. எதிரி என்று சொல்லப்பட்டவனின் பக்கத்தில் நின்று அவன் துயரத்தைப் பார்க்க வைத்த கூத்து என்று இன்றும் பேசப்படுவது. இந்த மண்ணுக்கு அந்தப் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. அதை மனிதர் விஷயத்திலும் பாவிப்பதுதான் மிச்சம்.

இங்கே எங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. அதை மறைக்காமல் சொல்கிறோம். எங்கள் சீறாப்புராணம் மட்டும் என்ன? உமறுப்புலவர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வரலாற்றை 5,027 பாடல்களில் மூன்று காண்டங்களாகப் பாடினார். அதில் அரபு நாட்டை வருணிக்கும்போது ஆறும் வயலும் சோலையுமாகத் தமிழ்நாட்டையே வருணிக்கிறார். வீரமாமுனிவர் 1726 இல் முடித்த தேம்பாவணியில் யோசேப்பு நடந்த நாடும் அப்படித்தான். கண்டபடி வரையாதது அவர்களும்தானே? அப்படியானால் கிரவலோவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

கன நேரம் வாதாடி நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது. உமறுப்புலவர் தூரத்து நாட்டுக்குத் தன் சொந்த நிலத்தின் பச்சையைக் கொடுத்தார். தன்னிடம் இருந்த நல்லதை எடுத்து மற்றவருக்குப் போர்த்தினார். அதனால் தமிழ் வாசகனுக்கு மக்கா அயலூர் ஆகியது. தலைப்பாகைப் படம் செய்தது மறுபக்கமான வேலை. அயலாக இருக்கக்கூடிய மனிதனைத் தூரத்துக்குத் தள்ளியது. ஆகவே காணாததை வரையலாமா என்று மட்டும் கேட்டால் போதாது. வரைந்த பிறகு அந்த ஆள் எனக்குக் கிட்ட வந்தானா, எட்டப் போனானா? இதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீறாப்புராணத்துக்கு எங்கள் மரபில் உருவப்படம் இல்லை, தேவையும் இல்லை. 1842 இல் முதன்முதலாக அச்சேறிய நாளிலிருந்து அது செவிக்குரிய காவியம். ஓதக் கேட்டு, பொருள் சொல்லக் கேட்டு வளர்ந்தது. எங்கள் மூத்தம்மாமாருக்குப் பல பாடல்கள் மனப்பாடம், ஒரு படமும் பாராமல். எனவே பிள்ளைகளுக்குப் படம் காட்டுவதற்கு முன் கதையைக் கேட்கக் கொடுங்கள் என்று நாங்கள் சொல்வது புதிதல்ல. எங்கள் வீட்டு வழக்கம்தான் அது. இப்போது கையில் உள்ள போன் அதைத் தலைகீழாக்கிவிட்டது. பக்கத்து ஊர் மனிதனின் குரல் காதில் விழுவதற்கு முன்னால் அவனைப் பற்றி யாரோ செய்த படம் கண்ணில் விழுந்துவிடுகிறது. முகநூலில் சுற்றிவரும் அந்தக் கேலிப் படங்களைத்தான் சொல்கிறோம். தொப்பி போட்டவன் ஒரு பக்கம், பொட்டு வைத்தவன் ஒரு பக்கம். அடியில் வரைந்தவன் பெயரும் இல்லை, செதுக்கியவன் பெயரும் இல்லை. பாரிஸ்காரர்களாவது கையெழுத்துப் போட்டார்கள்!

சரி, என்ன செய்யலாம்? பெரிய மாநாடு கேட்கவில்லை. எங்களால் முடிந்தது இவ்வளவுதான்.

முதலாவது, பின்னேர வகுப்புக்கு வரும் எங்கள் பிள்ளைகளை அடுத்த கூத்து அரங்கேற்றத்துக்குக் கூட்டிப் போக விரும்புகிறோம், பெற்றோரின் சம்மதத்தோடு. தேற்றாத்தீவுப் பெரியவர்கள் சிலருடன் பேசிவிட்டோம். “கூட்டி வாங்க சேர், பாய் போட்டு வைக்கிறம்” என்றார்கள்.

இரண்டாவது, அவர்களுடைய பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வரட்டும். சீறாப்புராணத்தில் ஒரு பகுதியை ஓதிப் பொருள் சொல்ல ஒருவரை ஒழுங்கு செய்வோம். பொல்லடி ஆடுகிறவர்களையும் கேட்டிருக்கிறோம். பகல் சாப்பாடு எங்கள் வீடுகளில்.

மூன்றாவது, இதற்குப் பிறகுதான் சித்திரப் பயிற்சி. ஒவ்வொரு பிள்ளையும் தான் போன வீட்டுப் பிள்ளையைக் கீற வேண்டும். படத்தின் அடியில் இடப்பக்கம் கீறியவர் பெயர். வலப்பக்கம் கீறப்பட்டவர் பெயர், அவருடைய கையாலேயே, “இது நான்தான்” என்று ஒப்புக்கொண்ட பிறகு. ஒப்புக்கொள்ளாவிட்டால் அழித்துவிட்டு மறுபடியும் கீறு. செப்புத் தகட்டுக்காரர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிற வழக்கம் இது. ஒரு சின்ன மாற்றத்துடன்.

வரப்போகும் மறுப்புகள் எங்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் வாசலில் கேட்கப் போவதை இங்கேயே கேளுங்கள்.

“உயிருள்ளவற்றை வரைவது கூடுமா?” இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாடசாலைச் சித்திர பாடத்தைப் பிள்ளைகள் எடுக்கத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் மனம் ஒப்பாத பெற்றோர் இருந்தால், அந்தப் பிள்ளை தான் போன வீட்டைக் கீறட்டும், தோணியைக் கீறட்டும், வெற்றிலைத் தோட்டத்தைக் கீறட்டும். அதன் அடியிலும் இரண்டு பெயர் போடலாம். யாருடைய ஈமானையும் நாங்கள் பரீட்சை பார்க்க வரவில்லை.

“கூத்து கோயில் காரியம் அல்லவா?” கோயில் சடங்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. களரியில் ஆடும் கதையைப் பார்க்கக் கூட்டிப் போகிறோம். க.பொ.த. பரீட்சைக்குத் தமிழ் இலக்கியத்தில் கம்பனைப் படித்து ‘ஏ’ எடுக்கிற எங்கள் பிள்ளைக்கு, அந்தக் கதையை அயலவர் எப்படி ஆடுகிறார் என்று பார்ப்பதால் ஈமான் போய்விடாது. அறிவதும் வணங்குவதும் வேறு வேறு.

“அவர்கள் முதலில் செய்யட்டும்.” இதற்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை. முப்பத்தைந்து வருடமாக இரண்டு பக்கமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளை நாங்கள் எங்கள் பிள்ளைகளாகத்தான் பார்க்கிறோம். அவர்கள் எங்களை ‘எங்கட சேர்’ என்று சொல்வது எங்களுக்குக் கிடைத்த பெரிய சம்பளம். ஆனால் எங்களை விதிவிலக்காக வைத்துக்கொண்டு மற்றவர்களை முகமில்லாமல் விட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது, கடன் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு: துவக்குக் கீறிய அந்தப் பிள்ளையிடம் கேட்டோம், “இவர் யார் மகள்?” என்று. “தெரியா சேர், சும்மா ஒரு தமிழாள்” என்றாள். அந்தச் ‘சும்மா ஒரு’ என்பதை அழித்து ஒரு பெயரை எழுத வைக்க வேண்டும். அதற்கு ஒரு இரவும் ஒரு சனிக்கிழமையும்தான் உங்களிடம் கேட்கிறோம்.

பெற்றோர் சம்மதம் இருந்தால் நேரில் சொல்லுங்கள், அல்லது உட்பெட்டியில் எழுதுங்கள். எங்கள் கருத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள், கோபிக்க மாட்டோம். கூத்துக்குப் போகிற இரவு வேனுக்கு எரிபொருள் செலவைப் பகிர யாராவது முன்வந்தால் அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவான்.

வஸ்ஸலாம்.